மழைத்திரைக்குப் பின்னால் ஓர் ஓடுபாதை: சின்ட் மார்ட்டின் விமான நிலையத்தின் கதை

2017 மார்ச் 7, பிற்பகல் மூன்றரை மணி. டொராண்டோவிலிருந்து புறப்பட்ட வெஸ்ட்ஜெட் நிறுவனத்தின் போயிங் 737, கரீபியன் கடலில் உள்ள செயின்ட் மார்ட்டின் தீவை நெருங்கிக்கொண்டிருந்தது. உள்ளே 158 பயணிகள், 6 ஊழியர்கள். கீழே கடல், முன்னால் மழை. ஓடுபாதையின் தொடக்கத்துக்கு இன்னும் 0.3 கடல் மைல், அதாவது சுமார் 550 மீட்டர் இருந்தபோது, அந்த விமானம் அலைகளுக்கு மேல் வெறும் 40 அடி உயரத்தில் பறந்துகொண்டிருந்தது. மூன்று நான்கு மாடிக் கட்டடத்தின் உயரம்தான். அங்கிருந்து விமானிகள் இன்ஜின்களுக்கு முழு விசை கொடுத்து மேலே ஏற்றினார்கள். மழை விலகும்வரை காத்திருந்து, சுமார் முக்கால் மணி நேரம் கழித்து ஒழுங்காகத் தரையிறங்கினார்கள். யாருக்கும் ஒரு கீறலும் இல்லை.

கடற்கரையில் நின்றவர்கள் எடுத்த படங்கள் உலகம் முழுக்கச் சுற்றின. பார்த்தவர்களில் பலர், "அந்த ஊரில் விமானங்கள் எப்போதும் அப்படித்தான் வரும்" என்றார்கள். அந்தப் பேச்சு என்னை உறுத்தியது. அந்த ஊரில் விமானங்கள் அப்படி வருவதில்லை. வழக்கமான தாழ்வுக்கும் அன்றைய தாழ்வுக்கும் உள்ள வேறுபாடுதான் இந்தக் கட்டுரையின் விஷயம். அதற்கு முதலில் அந்த இடத்தைப் பார்க்க வேண்டும்.

கடலுக்கும் காயலுக்கும் நடுவே ஒரு பட்டை நிலம்

செயின்ட் மார்ட்டின் மொத்தமே 87 சதுர கிலோமீட்டர். 1648-இல் செய்துகொண்ட உடன்படிக்கைப்படி வடபாதி பிரான்சுக்கு, தென்பாதி நெதர்லாந்துக்கு. தெற்கே உள்ள டச்சுப் பகுதிதான் சின்ட் மார்ட்டின். 2010 அக்டோபர் 10 முதல் நெதர்லாந்து முடியாட்சிக்குள் தன்னாட்சி பெற்ற தனி நாடு. பிரெஞ்சுப் பகுதியில் கிராண்ட் கேஸ் என்ற சிறிய விமான நிலையம் இருக்கிறது. பெரிய ஜெட் விமானங்கள் இறங்க வேண்டுமென்றால் டச்சுப் பக்கம்தான் வர வேண்டும்.

குன்றுகள் நிறைந்த தீவு. சமதளம் என்று சொல்லத்தக்க இடம் மிகக் குறைவு. தென்மேற்கு மூலையில், சிம்ப்சன் பே காயலுக்கும் கடலுக்கும் நடுவே ஒடுங்கிய ஒரு மணல் பட்டை கிடக்கிறது. இரண்டாம் உலகப்போரின்போது, 1942-இல், அங்கேதான் ராணுவ விமானத்தளம் போட்டார்கள். அடுத்த ஆண்டே அது பொதுப் போக்குவரத்துக்கு மாறியது. 1944-இல் நெதர்லாந்தின் பட்டத்து இளவரசி யூலியானா அங்கு வந்து இறங்கினார். போர்க்காலத்தின் பெரும்பகுதி கனடாவில் தங்கியிருந்தவர், பின்னாளில் 1948 முதல் 1980 வரை அரசியாக இருந்தவர். விமான நிலையம் இன்றும் அவருடைய இளவரசிப் பட்டத்தோடேயே வழங்குகிறது: பிரின்சஸ் யூலியானா.

1964-இல் முனையத்தையும் கட்டுப்பாட்டுக் கோபுரத்தையும் புதிய இடத்தில் கட்டினார்கள். 2004-இல் புதிய கோபுரமும் ரேடாரும் வந்தன. 2006-இல் ஆண்டுக்கு 25 லட்சம் பயணிகளைக் கையாளும் கணக்கில் பெரிய முனையம் திறந்தது. ஆனால் நிலம் மட்டும் பழைய நிலம்தான். ஓடுபாதையின் நீளம் 2,300 மீட்டர். கடல் மட்டத்திலிருந்து நான்கு மீட்டர் உயரம். மேற்கு நுனியில் ஒரு வேலி, வேலியை ஒட்டி இரண்டு வண்டிகள் போகும் அகலத்தில் சாலை, சாலையை ஒட்டி, தலைக்கு மேல் விமானங்கள் போவதைப் பார்க்க மக்கள் கூடும் மாஹோ கடற்கரை, அதற்கப்பால் கடல். கிழக்குப் பக்கம் குன்றுகள் எழுந்து நிற்கின்றன.

அந்த வட்டாரத்தில் வீசுவது பெரும்பாலும் கிழக்கிலிருந்து வரும் வாணிபக் காற்று. விமானம் எதிர்காற்றில் இறங்கவும் ஏறவும் வேண்டும் என்பதால், ஏறத்தாழ எல்லா விமானங்களும் மேற்கே கடல்மேல் வந்து, மாஹோ கடற்கரையைத் தாண்டி இறங்குகின்றன. ஏறும்போது குன்றுகளை நோக்கி ஓடி, எழுந்த கையோடு திரும்புகின்றன. காற்று இப்படி இல்லாமல் மாறி வீசியிருந்தால் மாஹோவை யாரும் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். (இன்னொரு சிறு சங்கதி: பூமியின் காந்த வடக்கு மெல்ல நகர்வதால் 2008-இல் ஓடுபாதையின் பெயரே மாறியது; திசைகாட்டி காட்டும் பாகையை வைத்து இடும் எண்தான் அந்தப் பெயர். அதுவரை 09/27 என்று இருந்தது 10/28 ஆனது. ஓடுபாதை அசையவில்லை, திசைகாட்டி முள் அசைந்தது.)

இந்த நிலையத்தை ஜம்போ விமானங்களுக்காக மட்டும் நினைவில் வைப்பது சரியல்ல. கே.எல்.எம். நிறுவனத்தின் 747 ஆம்ஸ்டர்டாமிலிருந்து வந்து கடற்கரையில் நிழல் பரப்பிய காட்சி 2016 அக்டோபரோடு முடிந்துவிட்டது. ஆனால் 1961-இல் தொடங்கிய வின்ஏர் நிறுவனத்தின் ட்வின் ஓட்டர் விமானங்கள் இன்றும் பேருந்து மாதிரி போய்வருகின்றன. பத்தொன்பது பேர் உட்காரக்கூடிய இந்தச் சிறு விமானங்கள்தான் சபா, சின்ட் யூஸ்டேஷியஸ், செயின்ட் பார்த்தலமி ஆகிய அண்டைத் தீவுகளின் உயிர்நாடி. சபாவின் ஓடுபாதை 400 மீட்டர்தான். அங்கே ஜெட் விமானம் இறங்க வழியே இல்லை. சபாவில் ஒருவருக்கு அவசரமாக வெளியூர் போக வேண்டுமானால் பெரும்பாலும் முதலில் யூலியானாவுக்குத்தான் வர வேண்டும். இங்கே ஒரு நாள் ஓடுபாதை மூடினால் நான்கைந்து தீவுகளில் திட்டங்கள் குலைகின்றன.

தாழ்வு எது, ஆபத்து எது

விமானங்கள் பொதுவாக 3 பாகைச் சரிவில் இறங்குகின்றன. ஓடுபாதையின் தொடக்கக் கோட்டைக் கடக்கும்போது சுமார் 50 அடி உயரத்தில் இருக்க வேண்டும். எந்த ஊரிலும் இதுதான் கணக்கு. மற்ற ஊர்களில் அந்த 50 அடிக்குக் கீழே புல்வெளியும் விளக்குக் கம்பங்களும் இருக்கும், வேலி எங்கோ தொலைவில் இருக்கும். மாஹோவில் அந்த இடத்தில் மக்கள் நிற்கிறார்கள். விமானம் அங்கே வழக்கத்தைவிடத் தாழ்ந்து வருவதில்லை. மனிதர்கள்தான் வழக்கத்தைவிட அருகில் நிற்கிறார்கள்.

இதே கணக்கைப் பின்னோக்கிப் போட்டுப் பாருங்கள். ஓடுபாதைக்கு 0.3 கடல் மைல் இருக்கும்போது 3 பாகைச் சரிவில் வரும் விமானம் சுமார் 145 அடி உயரத்தில் இருக்க வேண்டும். மார்ச் 7 அன்று அது 40 அடியில் இருந்தது. கடற்கரையில் நின்றவர்களின் கேமராவுக்கு இரண்டும் "தாழ்வு"தான். விமானிக்கு ஒன்று தரையிறக்கம், மற்றொன்று கடலில் விழுவதற்குச் சில நொடிகள் முன்பான நிலை.

என்ன நடந்தது என்பதைக் கனடாவின் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் விசாரித்து 2018 ஜூனில் அறிக்கை வெளியிட்டது. அன்று விமானிகள் பயன்படுத்தியது செயற்கைக்கோள் வழிகாட்டும் அணுகுமுறை. அதில் ஓடுபாதைக்குச் சற்று முன்பே கருவி வழி முடிந்துவிடும். அதற்குப் பிறகு கண்ணால் ஓடுபாதையைப் பார்த்துத்தான் இறங்க வேண்டும். பார்க்க முடியவில்லையென்றால் திரும்ப மேலேற வேண்டும்.

விமானிகள் பார்த்தார்கள். ஆனால் பார்த்தது ஓடுபாதையை அல்ல, அதற்கு இடப்புறம் இருந்த ஒரு ஹோட்டலை. ஓடுபாதையை மழை மறைத்திருந்தது. அந்தக் கட்டடத்தின் நிறமும் வடிவமும் இருப்பிடமும் அதை ஓடுபாதைச் சூழலைவிட எடுப்பாகக் காட்டின. அதை நம்பி இறங்கத் தொடங்கினார்கள். சற்று நேரத்தில் உண்மையான ஓடுபாதை வேறு இடத்தில் புலப்பட்டது. தாம் போய்க்கொண்டிருந்த திசை தவறென்று உணர்ந்து விமானத்தைத் திருப்பினார்கள். கவனம் முழுவதும் வெளியே, மழைக்குள், ஓடுபாதையைத் தேடுவதிலும் அதன் நேருக்கு வருவதிலும் போயிற்று. உயரமானியைப் பார்க்க வேண்டிய கண் அங்கே இல்லை. விமானம் சரிவுக்குக் கீழே நழுவிக்கொண்டே போனது.

இந்த இடத்தில் கடலைப் பற்றி ஒரு வார்த்தை. தரைமேல் இறங்கும் விமானிக்கு மரம், வீடு, சாலை, வண்டி என்று உயரத்தை உணர்த்தும் அடையாளங்கள் வழியெல்லாம் கிடைக்கும். சாம்பல் வானத்துக்குக் கீழே சாம்பல் கடல்மேல் வருபவருக்கு எதுவுமே கிடைக்காது. நானூறு அடியும் நாற்பது அடியும் ஒன்று போலவே தெரியும். அந்தக் குறையை ஈடுகட்டத்தான் ஓடுபாதையின் ஓரத்தில் பாப்பி எனப்படும் நான்கு சரிவு விளக்குகள் இருக்கின்றன. சரியான சரிவில் வந்தால் இரண்டு வெள்ளை, இரண்டு சிவப்பு. நான்கும் சிவப்பானால் மிகத் தாழ்ந்துவிட்டதாகப் பொருள். அன்று அந்த விளக்குகளின் ஒளி குறைத்து வைக்கப்பட்டிருந்தது. மிகவும் தேவைப்பட்ட நேரத்தில் மழைக்குள் அவை உதவவில்லை.

முதலில் விழித்துக்கொண்டது இயந்திரம். 63 அடியில் தரை அண்மை எச்சரிக்கைக் கருவி "டூ லோ, டெரெய்ன்" என்று குரல் கொடுத்தது. 54 அடியில் மறுபடியும் கொடுத்தது. விமானம் மேலேறத் திரும்பிய புள்ளி 40 அடி. எச்சரிக்கைக்கும் ஏற்றத்துக்கும் இடையில் போன உயரம் 23 அடி. மிச்சமிருந்தது 40 அடிதான்.

அறிக்கையில் இன்னொரு வரி இருக்கிறது. என் பார்வையில் முழு அறிக்கையிலும் முக்கியமான வரி அதுதான். பார்வைத்தூரம் கணிசமாக மாறியதை விமானிகளுக்கு யாரும் தெரிவிக்கவில்லை. தெரிவித்திருந்தால் அது தேவையான அளவுக்குக் கீழே போய்விட்டது என்று அறிந்திருப்பார்கள், அணுகுமுறையையே தொடர்ந்திருக்க மாட்டார்கள்.

அதற்கு 47 ஆண்டுகளுக்கு முன், அதே மழை

1970 மே 2. நியூயார்க்கின் கென்னடி விமான நிலையத்திலிருந்து யூலியானாவுக்கு ஏ.எல்.எம். நிறுவனத்தின் 980-ஆம் எண் சேவை புறப்பட்டது. விமானம் டி.சி-9, அதை இயக்கியது அமெரிக்காவின் ஓவர்சீஸ் நேஷனல் ஏர்வேஸ். 57 பயணிகள், 6 ஊழியர்கள்.

தீவை நெருங்கும்போது வானிலை மோசம் என்று செய்தி வந்தது. விமானிகள் புவேர்ட்டோ ரிக்கோ தீவின் சான் ஹுவான் பக்கம் திரும்பினார்கள். சிறிது நேரத்தில் வானிலை தேறிவிட்டது என்று கோபுரம் சொன்னது. மீண்டும் யூலியானாவை நோக்கித் திரும்பினார்கள். முதல் முயற்சியில் ஓடுபாதை மிகத் தாமதமாகக் கண்ணில் பட்டது, அதன் நேருக்கு வர நேரமில்லை. சுற்றி வந்து இரண்டாம் முறை. மூன்றாம் முறை. மூன்றும் தோற்றன. பிறகு செயின்ட் தாமஸ் தீவை நோக்கிக் கிளம்பினார்கள். எரிபொருள் குறைவாக இருப்பது தெரிந்ததும் சற்று அருகிலுள்ள செயின்ட் குரோய் பக்கம் திருப்பினார்கள். அதற்கும் போதவில்லை. பிற்பகல் 3.49 மணிக்கு, செயின்ட் குரோயிலிருந்து சுமார் 30 மைல் தொலைவில், விமானம் கடலில் இறங்கியது.

அந்தக் கடைசி நிமிடங்கள் படிக்கவே நெஞ்சை அடைக்கின்றன. பயணிகளுக்கு அறிவிக்கும் ஒலிபெருக்கி அன்று வேலை செய்யவில்லை. விமானம் தண்ணீரைத் தொடப்போகும் நொடி எது என்று பின்னால் இருந்தவர்களுக்குத் தெரியவில்லை. மோதும்போது சிலர் எழுந்து நின்றுகொண்டிருந்தார்கள், சிலர் இருக்கைப் பட்டியைக் கட்டவில்லை. உயிர்காக்கும் ரப்பர் படகு ஒன்று விமானத்துக்குள்ளேயே விரிந்து வழியை அடைத்தது. படகுகளில் ஒன்றைக்கூட வெளியே கொண்டுவர முடியவில்லை. வெளியேறியவர்கள் மிதந்த சறுக்குப்பலகை ஒன்றைப் பற்றிக்கொண்டு நீரில் கிடந்தார்கள். ஹெலிகாப்டர்கள் வந்து 40 பேரை மீட்டன. 23 பேர் இறந்தார்கள். விமானம் ஆழ்கடலில் மூழ்கியது, அதை எடுக்கவே இல்லை.

அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் சொன்ன காரணம் இது: மாற்று விமான நிலையத்துக்குப் போக எரிபொருள் போதாமல் போகும்வரை யூலியானாவில் இறங்கத் திரும்பத் திரும்ப முயன்றது. அதற்குத் துணையாக நின்ற காரணம், இறங்கும் வழியில் மழையால் பார்வை குறைந்திருந்ததும், அந்த நிலை விமானத்துக்குத் தெரிவிக்கப்படாததும்.

இரண்டு அறிக்கைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தபோது நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். வேறு தலைமுறை விமானம், வேறு நாட்டு விசாரணை. ஒன்றில் ரேடியோ அலை பிடித்து வழிதேடும் காலம், மற்றதில் செயற்கைக்கோள் காலம். ஆனாலும் கடைசி இரண்டு மைலில், கடலுக்கும் கரைக்கும் நடுவே தொங்கிய ஒரு மழைத்திரையைப் பற்றி உள்ளே இருந்தவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. 2017-இல் எரிபொருள் இருந்தது, எச்சரிக்கைக் கருவி இருந்தது. அதனால் 164 பேர் பிழைத்தார்கள். கருவி வளர்ந்திருக்கிறது என்பதற்கு இது நல்ல சான்று. செய்தி சொல்லும் பழக்கம் அதே அளவுக்கு வளரவில்லை என்பதற்கும் இதுவே சான்று.

வெப்பமண்டலத் தீவின் மழை வேறு மாதிரி. ஒரு மேகம் பத்து நிமிடம் கொட்டிவிட்டுப் போய்விடும். கோபுரத்தின் மேல் வெயில் அடிக்கும்போதே மேற்கே கடல்மேல் ஒன்றும் தெரியாமல் இருக்கலாம். மணிக்கு ஒரு முறை எழுதும் வானிலைக் குறிப்பு அதைப் பிடிக்காது. கோபுரத்தில் இருப்பவர் சன்னல் வழியே பார்த்து, உடனே மைக்கை எடுத்துச் சொன்னால்தான் உண்டு.

வேலியும் புயலும்

அதே 2017-இல் அந்த நிலையத்துக்கு இன்னும் இரண்டு அடி விழுந்தது.

ஜூலை 12 அன்று, புறப்படும் விமானத்தின் இன்ஜின் காற்றில் நியூசிலாந்தைச் சேர்ந்த 57 வயதுப் பெண் ஒருவர் உயிரிழந்தார். மற்றவர்களோடு சேர்ந்து வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றவரைக் காற்று பின்னுக்கு வீசியது. சாலையோர கான்கிரீட்டில் தலை மோதியது. 2,300 மீட்டர் என்பது பாரம் ஏற்றிய ஜெட் விமானத்துக்குத் தாராளமான நீளம் அல்ல. ஒரு மீட்டரும் வீணாகாமல் இருக்க, விமானம் ஓடுபாதையின் கடைசி நுனிவரை வந்து, வாலை வேலிப் பக்கம் காட்டி நின்று விசையைக் கூட்டுகிறது. அந்த அனலும் மணலும் நேராகச் சாலைமேல் பாய்கின்றன. மரணம் நேரலாம் என்று படத்தோடு பெரிய எச்சரிக்கைப் பலகை அங்கேயே இருக்கிறது. மார்ச்சில் மழையைப் பற்றி விமானிகளுக்குச் சொல்லியிருந்தால் கேட்டிருப்பார்கள், சொல்லப்படவில்லை. வேலியோரம் நின்றவர்களுக்குச் சொல்லப்பட்டது, கேட்கப்படவில்லை. பலகை போதும் என்ற ஏற்பாட்டை நான் ஏற்கவில்லை. விமானம் விசை கூட்டும் அந்த ஓரிரு நிமிடமாவது சாலையை மூட வேண்டும்.

செப்டம்பர் 6 அன்று இர்மா வந்தது. ஐந்தாம் வகைப் புயல், மணிக்கு சுமார் 295 கிலோமீட்டர் காற்று. புயலின் கண்ணே தீவின்மேல் கடந்தது. முனையத்தின் கூரை பிய்ந்தது, உள்ளே மழைநீர் இறங்கியது. வேலி சாய்ந்தது, மாஹோவின் மணலும் கல்லும் ஓடுபாதைக்கு வந்தன. கட்டடம் நின்றாலும், ஈரம் ஊறிய சுவர்களிலும் கூரைத் தட்டுகளிலும் பூஞ்சை படர்ந்துவிட்டது. சில நாள்களில் ஓடுபாதையைத் துப்புரவாக்கி ராணுவ விமானங்களை இறக்கினார்கள். உணவும் தண்ணீரும் வந்தன, அகப்பட்டுக்கொண்டவர்கள் வெளியேறினார்கள். அக்டோபர் 10 அன்று பயணிகள் சேவை மறுபடி தொடங்கியபோது முனையம் கிடையாது. கூடாரங்களில் வரிசை, கூடாரங்களில் குடிநுழைவுச் சோதனை. சுற்றுலாவை நம்பியே வாழும் தீவில் இதைவிடப் பெரிய சேதம் வேறில்லை.

2018 இறுதியில் முனையத்தின் தரைத்தளம் மட்டும் பயன்பாட்டுக்கு வந்தது. முழுச் சீரமைப்புக்கு நெதர்லாந்து கொடுத்து உலக வங்கி நிர்வகித்த மீட்பு நிதியும் ஐரோப்பிய முதலீட்டு வங்கியின் கடனும் கைகொடுத்தன. நடுவே கொரோனா வந்து வேலையை இழுத்தடித்தது. 2024 நவம்பரில்தான் புதுப்பித்த முனையத்தை முறைப்படி திறந்தார்கள். ஏழு ஆண்டுகள்.

வெஸ்ட்ஜெட்டும் தன் பங்குக்கு ஒரு காரியம் செய்தது. யூலியானாவுக்குப் பறக்கும் தன் விமானிகளுக்கென்று தனிக் குறிப்பேடு ஒன்று தயாரித்தது. அங்கே வானிலை எப்படி மாறும், என்ன சிக்கல்கள் எதிர்ப்படும், மேற்கே கடல்மேல் வரும்போது முன்னால் எது எப்படித் தெரியும் என்பதெல்லாம் படங்களோடு அதில் இருக்கின்றன.